நல்ல காற்றுள்ள வீடு

தக்சாயினி ஜெர்மனியின் எசன் நகரின் வடக்கே அந்தப் பழைய மாடிவீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல்தான். ஆனால் டிசம்பர் மாதத்தில் பிற்பகல் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அயல்வீட்டுப் புகைபோக்கிகளிலிருந்து வந்த விறகுப் புகை மேலே போக மனமில்லாமல் கூரைகளிலேயே படுத்துக் கிடந்தது. ட்ரெஸ்டனிலிருந்து வந்த ரயில் வழக்கம்போலப் பிந்தியதில் அவளுக்கு நல்ல பசி. பயணப்பையோடு, அக்காவின் மகள் ஆதிரைக்கு வாங்கிய கரடிப் பொம்மையையும் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

கதவைத் திறந்த அத்தான் பிருந்தன், வா என்று சொல்வதற்கு முன்னால் அவளை மோந்து பார்த்தான்.

"சென்ட் அடிச்சிருக்கிறியோ?"

"இல்லை அத்தான். சவுக்கார மணம்."

"கோட்டையும் சப்பாத்தையும் வெளியில கழட்டு. அந்தப் பொம்மை உள்ளுக்கு வேண்டாம். துணியில தூசு நிக்கும்."

கரடி படிக்கட்டிலேயே நின்றுவிட்டது. தக்சாயினி கைகால் கழுவி, அவன் தந்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். வந்த உடனேயே ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இந்த வீட்டில் மணம் இல்லை.

தமிழர் வீட்டுக்குள் போனால் வறுத்த மிளகாய்த்தூள் மணக்கும், ஊதுபத்தி மணக்கும், யாராவது ஒருவர் பூசிய தைலமாவது மணக்கும். இங்கே எதுவுமே இல்லை. மூலைக்கு ஒன்றாக நின்ற காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தன. சாமிப் படத்துக்கு முன்னால் பற்றரியில் எரியும் ஒரு பிளாஸ்டிக் விளக்கு. பக்கத்தில், போன மாதம் இறந்துபோன, பிருந்தனின் அண்ணன் தபோதரனின் படம். அதற்கும் அதே பிளாஸ்டிக் சுடர்தான்.

எல்லாம் ஆதிரைக்காக. பிள்ளைக்கு ஆஸ்துமா. இலையுதிர்காலத்தில் ஒருநாள் மூச்சு இழுத்து, உதடு நீலம் பாரித்து, அம்புலன்ஸில் கொண்டு ஓடினார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் அம்புலன்ஸ் வரும்வரை தாங்காது, வீட்டுக்குள் பூஞ்சணம், புகை, தூசு இல்லாமல் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். டொக்டர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் பிருந்தன் தானே கண்டுபிடித்தான். நல்ல காற்று என்றால் அவனுக்கு உயிர். யாருடைய உயிர் என்பதில்தான் அவன் அவ்வளவு கவனம் வைக்கவில்லை.

அக்கா தேனுஜா நிறைமாதம். இரத்த அழுத்தம் கூடி ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் தக்சாயினி தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் விடுமுறை கேட்டு வந்திருந்தாள்.

"இதை விளங்கிக்கொள்," என்று பிருந்தன் கூடத்துச் சுவரில் இருந்த திரையைக் காட்டினான். "ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒரு ஆம்பெல் இருக்கு, சிக்னல் லைற் மாதிரி, காத்தை அளந்து நிறத்தில காட்டும். ஆக்கள் விடுற மூச்சு அறைக்குள்ள தேங்கினா இந்த வட்டம் பச்சையில இருந்து மஞ்சளாகும். பிறகு சிவப்பாகும். சிவந்தா யன்னலைத் திறக்கவேணும். அயலில விறகு எரிச்சா திறக்கக்கூடாது."

"அப்ப எப்பதான் திறக்கிறது?"

"அதை நான் சொல்லுவன்."

திரையில் கூடம், குசினி, படுக்கையறை மூன்றும் பச்சையாக இருந்தன. நான்காவதாக ஒரு வட்டம் மஞ்சளாக இருந்தது.

"இது எந்த அறை?"

"அண்ணையின்ர அறை. சாத்திக் கிடக்கு. அந்த ஆம்பெல் பழுது, ரெண்டுதரம் மாத்திப் பாத்திட்டன்," என்று சொல்லிவிட்டு அவன் பேச்சை மாற்றினான்.

நடையின் கடைசியில் அந்த அறை இருந்தது. கதவைச் சுற்றிலும், மேலே, கீழே, சாவித்துளையின் மேல்கூட, பெட்டி ஒட்டும் மண்ணிற ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டியிருந்தான். உள்ளே பூஞ்சணமாம்.

தபோதரனை அவளுக்குத் தெரியும். கல்யாணம் கட்டாதவர். ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வருடக்கணக்காகக் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்று, தம்பியை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். எண்ணெய்ப் புகையும் சிகரெட்டும் சேர்ந்து நெஞ்சைத் தின்றுவிட்டன. கடைசிக் காலத்தில் மூக்கில் குழாயும் பக்கத்தில் ஒட்சிசன் இயந்திரமுமாக இந்த அறையில் கிடந்தார். அக்காவின் கல்யாணத்தில் பந்தியில் நின்று எல்லாரையும் வயிறு முட்டச் சாப்பிட வைத்தவர் அவர்தான். அவருடைய செத்தவீட்டுச் சடங்குக்கு வரமுடியாமல் போனது தக்சாயினிக்கு உண்மையாகவே கவலை.

மறுநாள் பிருந்தன் வேலைக்குப் போனான். பிள்ளை கூடத்தில் இருந்து படம் கீறினாள். மெலிந்த, அமைதியான, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை. வெளியே இருட்டத் தொடங்கிய நேரம் தக்சாயினி தற்செயலாகத் திரையைப் பார்த்தாள்.

நான்காவது வட்டம் சிவந்திருந்தது.

பழுது என்றால் பழுதுதான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஆம்பெல் அளப்பது மனிதர் விடும் மூச்சை. ஆளில்லாத அறையில் அதற்கு அளக்க என்ன இருக்கிறது? நடையின் விளக்கைப் போட்டாள். மெல்லப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

சாவித்துளையின் மேல் ஒட்டியிருந்த நாடா மெதுவாக உள்ளே குழிந்தது.

பிறகு வெளியே உப்பியது.

உள்ளே குழிந்தது.

பழைய வீடு, எங்காவது காற்று இழுக்கும் என்று நினைத்து அவள் காதைக் கதவில் வைத்தாள். குறுக இழுத்து, நின்று, உதட்டைக் குவித்து நீளமாக விடும் மூச்சு. முடிவில் மெல்லிய விசில். அதன் பின்னால், அடித்தொண்டையில் ஒரு ஈர இருமல். முதியோர் இல்லத்தில் அவள் எத்தனையோ பேரின் பக்கத்தில் இருந்து அந்த மூச்சைக் கேட்டிருக்கிறாள். அதை வேறு எந்தச் சத்தத்தோடும் அவளால் மாற்றி நினைக்க ஏலாது.

"சித்தி."

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆதிரை நின்றாள். அவளுடைய கழுத்துக் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது.

"பெரியப்பாக்கு மூச்சு முட்டுது," என்றாள் பிள்ளை. "அவருக்கு முட்டினா எனக்கும் முட்டும்."

தக்சாயினி அவளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள். மருந்தை அடித்து, முதுகைத் தடவி, மூச்சு அடங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். வட்டம் மெல்ல மெல்ல மஞ்சளுக்கு வந்தபோதுதான் பிள்ளையின் நெஞ்சும் தணிந்தது. இந்தப் பிள்ளை சாகப்போகிறாள் என்ற பயம் அவளுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

அடுத்தநாள் காலை குப்பை கொட்டப் போனவளைக் கீழ்வீட்டு ஃபிராவ் நோவாக் படியில் மறித்தாள். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள், தடித்த பெண். குரலைத் தாழ்த்தி ஜெர்மனில் கேட்டாள்.

"இப்போதாவது யன்னலைத் திறந்தார்களா?"

"எந்த யன்னலை?"

"அந்த மனிதர் இறந்த அறையின் யன்னலை. யாராவது இறந்தால் உடனே யன்னலைத் திறந்துவிட வேண்டும். ஆத்மா வெளியே போக வழி வேண்டாமா? நான் அன்றைக்கே மேலே ஏறி வந்து சொன்னேன். வெளியே காற்று சரியில்லை என்று உன் அத்தான் கதவைச் சாத்திவிட்டார்."

அதோடு அவள் விடவில்லை. அன்றைக்குப் பிள்ளையின் பிறந்தநாள் விழாவாம். மேலே பாட்டு, சிரிப்பு, குதிப்பு. அதற்கு அடியில் ஒரு இயந்திரம் விடாமல் பீப் பீப் என்று கத்தியதாம். பிறகு அவளுடைய தலைக்கு மேலே, தளத்தில் யாரோ கையால் தட்டிய சத்தமாம். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பிருந்தன் வந்து கை கழுவித் துடைக்கும்வரைகூடத் தக்சாயினி பொறுக்கவில்லை.

"அத்தான், தபோ அண்ணை எப்பிடிச் செத்தவர்?"

"வருத்தம். டொக்டர் எழுதித் தந்தவர்."

"மிசின் ஏன் கத்தினது?"

அவன் துவாயால் விரல் விரலாகத் துடைத்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை.

"பழைய வீடு. எல்லாத்தையும் ஒண்டாப் போட பியூஸ் விழுந்திட்டுது. அவற்ற அறை லைனைப் போட்டா மற்றது எல்லாம் விழுகுது. வீடு நிறைய ஆக்கள், காத்து மிசின் ஓடாட்டிப் பிள்ளைக்கு முட்டும். கேக் வெட்டி முடியப் போடுவம் எண்டு நினைச்சன்."

"கத்தினது கேட்டதோ?"

"கேட்டது."

"கதவைத் தட்டினவரோ?"

"தட்டினவர். ஒட்டியிருந்தபடியால் திறக்க ஏலாமல் போச்சு." வேறு யாரோ ஒட்டியதுபோல அவன் சொன்னான். "ஆக்கள் வருவினம் எண்டு அண்டைக்குக் காலமைதான் ஒட்டினனான். அவரிட்ட சிகரெட் மணம். யன்னல்ல நிண்டு களவாய்ப் பத்துவார், அதாலதான் யன்னல் கைபிடிக்கும் பூட்டுப் போட்டனான். நான் என்ர பிள்ளையைப் பாத்தன் தக்சா. பிழையோ?"

முகத்தில் அறையலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டுச்செலவாவது செய்தனிங்களோ?"

எட்டுச்செலவு என்பது இறந்தவருக்குக் கடைசியாகப் போடும் சாப்பாடு. அவருக்குப் பிடித்ததையெல்லாம், மீன், இறைச்சி, குடிக்கிறவராக இருந்தால் அதையும், ஆக்கிப் படைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். ஒருவரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. அவர் வந்து சாப்பிட்டுப் போவார்.

"செய்தனாங்கள்," என்றான் பிருந்தன். "கடையில எடுப்பிச்சனான். மணம் பரவும் எண்டு பெட்டியளைத் திறக்கேல்லை. மூடியோட படைச்சுப்போட்டு எடுத்து எறிஞ்சிட்டன்."

தக்சாயினி கதிரையில் இருந்துவிட்டாள். மூச்சில்லாமல் செத்த மனிதருக்கு மூடியைக்கூடத் திறக்காமல் படைத்திருக்கிறார்கள். செத்தவர்கள் மணத்தில்தான் சாப்பிடுவார்கள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்த மனிதர் பசியோடும் போகவில்லை, பசியாறியும் போகவில்லை. போகவே இல்லை.

அவர் போனால்தான் பிள்ளை பிழைப்பாள். அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அடுத்தநாள் பிருந்தன் வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குத் தேனுஜாவைப் பார்க்கப் போகும் நாள். அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

காலையிலேயே போய் மீன் வாங்கினாள், புட்டுக்கு மா வாங்கினாள், ஒரு பெட்டி சிகரெட்டும் வாங்கினாள். முதலில் ஆதிரையைப் படுக்கையறையில் படுக்க வைத்து, சுத்திகரிப்பு இயந்திரத்தை உச்சத்தில் போட்டு, கதவைச் சாத்தினாள்.

"சித்தி கூப்பிடுமட்டும் வெளியில வரக்கூடாது. சரியோ?"

"ஓம் சித்தி."

பிறகு மிளகாய்த்தூள் பிரட்டி மீனைப் பொரித்தாள். எத்தனையோ நாளாக மணமே இல்லாத வீடு ஒரேயடியாக மணத்தது. கத்தியால் ஒட்டுநாடாவை அறுத்துக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே பூஞ்சணம் எதுவும் இல்லை. சுத்தமான சுவர், உறையில்லாத மெத்தை, மூலையில் ஆம்பெலின் சிவப்பு வெளிச்சம். காற்று மட்டும் வெதுவெதுப்பாக, ஈரமாக, பலபேர் நெருக்கியடித்து நின்றுவிட்டு இப்போதுதான் வெளியே போன பஸ்ஸுக்குள் இருப்பதுபோல இருந்தது. யன்னல் கைபிடியை முறுக்கிப் பார்த்தாள். பூட்டு. சாவி பிருந்தனிடம். உடைக்கலாமா என்று யோசித்து, சாப்பிட்டதும் கதவு வழியாகப் போகட்டும், வீட்டின் மற்ற யன்னல்களைத் திறந்துவிடலாம் என்று முடிவெடுத்தாள். கதவின் உட்பக்கத்தில், கைபிடிக்குக் கீழே, நகம் கீறிய கோடுகள் இருந்தன. அவள் இரண்டாம்தரம் அதைப் பார்க்கவில்லை.

மெத்தைக்கு முன்னால் தட்டை வைத்தாள். புட்டு, மீன் பொரியல், குழம்பு. எல்லாம் திறந்து, ஆவி பறக்க. சாம்பிராணி போட்டாள். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துத் தட்டோரமாக வைத்தாள்.

"தபோ அண்ணை," என்றாள். "வயிறார சாப்பிட்டுட்டுப் போங்கோ. பிள்ளையை விட்டிடுங்கோ."

கதவைச் சாத்தினாள். திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்கு வந்தாள்.

வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. திரையில் நான்காவது வட்டம் கடும் சிவப்பு. படுக்கையறை வட்டம் நல்ல பச்சை. பிள்ளை சுத்தமான காற்றில் நிம்மதியாகக் கிடக்கிறாள் என்று தக்சாயினி ஆறுதல்பட்டாள். ஆளில்லாத அறையும் அப்படித்தான் பச்சையாக இருக்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

நடையின் கடைசியில் மூச்சுச் சத்தம் எழுந்தது.

இழுத்தது. நின்றது. விசிலடித்து வெளியே போனது.

பிறகு தட்டில் விரல் உரசும் சத்தம்.

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். சாப்பிடுகிறார் என்று நினைக்க அழுகை வந்தது. மீன்முள்ளை உறிஞ்சும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. மூச்சு வேகம் பிடித்தது. நீருக்கடியில் இருந்து மேலே வந்தவனைப்போல ஆவலோடு, அவசரமாக, இழுத்து இழுத்து.

சட்டென்று நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். நான்காவது வட்டம் பச்சையாக இருந்தது.

போய்விட்டார். தக்சாயினி ஓடிப்போய்க் கூடத்து யன்னலையும் குசினி யன்னலையும் அகலத் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்தது. சிரித்துக்கொண்டே படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

"ஆதிரை, வா செல்லம்."

கட்டிலில் போர்வை மட்டும் கிடந்தது.

அவள் கத்தவில்லை. கத்த மூச்சு வரவில்லை. நடையில் ஓடினாள். சாத்திய கதவைத் தள்ளினாள்.

பிள்ளை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தாள். தட்டு வழித்துத் துடைத்திருந்தது. மீன்முள் ஓரமாக ஒழுங்காக அடுக்கியிருந்தது. சிகரெட் அடிவரை எரிந்து சாம்பலாகிக் கிடந்தது. அறை முழுக்கப் புகை. அந்தப் புகைக்குள் ஆதிரை ஒரு இருமல்கூட இல்லாமல் இருந்தாள்.

"ஆதிரை?"

பிள்ளை திரும்பினாள். வாயோரம் எண்ணெய். "பசிச்சது சித்தி," என்றாள். கழுத்துக் குழி இழுபடவில்லை. நெஞ்சு பட்டுப்போல ஏறி இறங்கியது.

பிருந்தன் வந்து கத்தினான், குதித்தான், தட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டான். தக்சாயினியைக் கொலைகாரி என்றான். இரவெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் மருந்தோடு இருந்தான். மூச்சு இழுக்கவே இல்லை. அடுத்தநாளும் இழுக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க இழுக்கவில்லை. மாடிப்படியை ஓடியே ஏறினாள். விறகுப் புகைக்குள் நின்று விளையாடினாள். டொக்டர் ஊதச் சொன்ன குழாயில் ஊதி, அவரையே புருவம் உயர்த்த வைத்தாள்.

"பாத்தியோ," என்றான் பிருந்தன். அவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நான் பட்ட பாடு வீண் போகேல்லை. நல்ல காத்துத்தான் மருந்து."

தக்சாயினிக்கும் சந்தோஷம்தான். ஒரு மனிதரை மூச்சடைத்துக் கொன்று, செத்த பிறகும் பட்டினி போட்ட வீட்டில் இப்படி ஒரு சந்தோஷம் வருவது நியாயமில்லை என்று மட்டும் உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

தேனுஜாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வரும் நாளன்று தக்சாயினி ட்ரெஸ்டனுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காலை வெளிச்சத்தில் பிருந்தன் படுக்கையறைக்குள் தொட்டிலைப் பொருத்திக்கொண்டிருந்தான். ஆதிரையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில்.

"இனிப் பயமில்லை," என்றான். "அக்காவும் தம்பியும் ஒரே அறையில படுக்கட்டும்."

போவதற்கு முன் ஒருதடவை நெஞ்சைப் பார்த்துவிடுவோம் என்று தக்சாயினி வேலைப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். ஆதிரை சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கினாள். காதில் மூச்சு சீராக, ஆழமாகக் கேட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது கொஞ்சம் அதிக ஆழம்போல இருந்தது.

"இதயத்தைக் கேக்கவேணும். மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இரு, பாப்பம்."

பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு, இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண் சிரித்தது. நெஞ்சு அசையாமல் நின்றது.

உள்ளே மூச்சு நிற்கவில்லை.

இழுத்தது. நின்றது. உதட்டைக் குவித்து, நீளமாக, முடிவில் விசிலோடு வெளியே போனது.

தக்சாயினி பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மூக்கை விட்டு எடுபடவில்லை.

பிறகு அந்தச் சின்ன நெஞ்சுக்குள், வெகு ஆழத்தில், ஒரு பெரிய மனிதர் இருமினார்.

ஆதிரை வாயைத் திறக்கவே இல்லை.